மண்ணைப் படிக்கும் படிப்பு

“மண்ணைத் தோண்டக் கூலியாள் போதாதா? அதற்கு எம்.ஏ. பட்டம் எதற்கு?” என்று கேட்பவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. கேள்வியில் தவறில்லை. தோண்டுவதற்குப் பட்டம் வேண்டியதில்லைதான். ஆனால் தோண்டும்போது வெளிப்படுவதைப் படித்தறியப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தரும் படிப்புக்குத் தொல்லியல் என்று பெயர். இந்த நாட்டில் அதைச் செம்மையாகக் கற்றுத்தரும் இடங்களில் ஒன்று மும்பைத் தமிழர்களுக்கு ரயிலில் சில மணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது. புனே எரவாடாப் பகுதியில் உள்ள டெக்கான் கல்லூரிதான் அது.

பிள்ளைகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் வீடுகளில் பொறியியல், வணிகவியல், கணினி என்ற மூன்றைத் தாண்டிப் பேச்சுப் போவதில்லை. வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளையை “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டு உட்கார வைத்துவிடுகிறோம். அப்படிக் கேட்கும் முன், இந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது என்று பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வைகைக் கரையிலிருந்து புனேக்கு

கீழடியைப் பற்றிப் பேசாத தமிழர் இன்று இல்லை எனலாம். 2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்து நடத்தி, 2019 செப்டம்பரில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. வைகைக் கரையில் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே நகர வாழ்க்கை இருந்தது என்ற செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நாமும் படித்துப் பெருமைப்பட்டோம்.

அந்த அறிக்கையில் பலர் கவனிக்காமல் விட்ட விவரம் ஒன்று உண்டு. கீழடியில் கிடைத்த கரித்துண்டுகள் காலக்கணிப்புக்காக அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு துண்டின் காலம் கி.மு. 580 என்று முடிவு வந்தது. பானை ஓடுகள் இத்தாலியில் உள்ள பைசா பல்கலைக்கழகத்துக்குப் போயின. எலும்புத் துண்டுகளோ நம் புனேயில் உள்ள டெக்கான் கல்லூரிக்கு வந்தன.

அந்த எலும்புகளைப் பார்த்து இங்கே என்ன சொன்னார்கள்? மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் மிகுதியாக இருப்பதால் கீழடி மக்கள் கால்நடை வளர்த்தவர்கள் என்று தெரிந்தது. அவற்றோடு நீல்காய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவற்றின் எலும்புகளும் அடையாளம் காணப்பட்டன. உடைந்துபோன, விரல் நீளம்கூட இல்லாத துண்டுகளை வைத்துக்கொண்டு இது ஆடு, இது மான் என்று பிரித்துச் சொல்வது விளையாட்டு அல்ல. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்து அடுக்கி வைத்து, ஒவ்வொரு துண்டையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பழக வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் பல ஆண்டுப் பழக்கம் இருந்தால்தான் அது கைகூடும்.

நம் ஊர் மண்ணில் கிடைத்ததைப் படித்துச் சொல்ல இத்தனை ஊர்களின் உதவி தேவைப்பட்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிவியல் எங்கும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த ஆய்வுக்கூடங்களில் உட்கார்ந்து படிப்பவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் இது.

மூடிய கல்லூரி மறுபடி திறந்தது

டெக்கான் கல்லூரியின் கதை நீண்டது. 1821-இல் சமஸ்கிருதப் படிப்புக்காக இந்துக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1864-இல் டெக்கான் கல்லூரி என்ற பெயர் வந்தது. லோகமான்ய திலகர் இங்கே படித்தவர். 1934-இல் அன்றைய அரசு கல்லூரியை மூடிவிட்டது. பழைய மாணவர்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். அதன் பலனாக 1939-இல் அது ஆராய்ச்சி நிலையமாக மறுபடி உயிர் பெற்றது.

அந்த ஆண்டு தொல்லியல் பேராசிரியராகச் சேர்ந்தவர் டாக்டர் ஹஸ்முக் தீரஜ்லால் சங்காலியா. 1908-இல் மும்பையில் பிறந்த குஜராத்திக்காரர். மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் ஹீராஸ் பாதிரியாரிடம் பயின்றவர். லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். சிற்பம், கல்வெட்டு, நாணயம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், எழுத்தே இல்லாத காலத்து மனிதனைத் தேடிப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆற்றங்கரை ஆற்றங்கரையாக மாணவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார். நாசிக், ஜோர்வே, நேவாசா, நர்மதைக் கரையில் நவ்தாடோலி, ராஜஸ்தானத்தில் ஆஹாட் என்று வரிசையாக அகழாய்வுகள் நடந்தன. 1974-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1989-இல் காலமானார். கல்லூரிக்கு 1990-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வழங்கப்பட்டது.

சங்காலியா விட்டுச் சென்ற பெரிய சொத்து அகழாய்வுப் பட்டியல் அல்ல. வரலாற்றுப் பேராசிரியரின் அறைக்குப் பக்கத்திலேயே அறிவியல் ஆய்வுக்கூடம் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை உண்டாக்கினாரே, அதுதான். விலங்கு எலும்பை ஆராய்பவர், கருகிய தானியத்தை ஆராய்பவர், மனித எலும்பை ஆராய்பவர், மண்ணின் இயல்பை ஆராய்பவர் எல்லோரும் ஒரே வளாகத்தில் வேலை செய்தார்கள். மாணவன் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போய்க் கற்றுக்கொண்டான்.

இனாம்காவ் சொன்ன செய்தி

இந்த முறையின் பலன் என்ன என்பதை அறிய இனாம்காவ் என்ற சிற்றூரைப் பார்த்தால் போதும். புனேக்குக் கிழக்கே, ஷிரூர் தாலுகாவில் கோட் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1968 முதல் பன்னிரண்டு பருவங்கள் இங்கே அகழாய்வு நடந்தது. சங்காலியா, தவலிகர், அன்சாரி ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். கோயில் இல்லை, கோட்டை இல்லை, பொற்காசுப் புதையல் இல்லை. கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை குடியானவர்கள் வாழ்ந்த ஒரு சாதாரண கிராமம். 130-க்கும் மேற்பட்ட வீடுகளின் அடித்தளங்களும், 200-க்கும் மேற்பட்ட புதைகுழிகளும் வெளிவந்தன.

வீட்டுத் தரைக்கு அடியிலேயே இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். குழந்தை இறந்தால் இரண்டு தாழிகளை வாயோடு வாய் வைத்து அதற்குள் கிடத்தியிருக்கிறார்கள். பெரியவர்களைப் புதைக்கும்போது பாதங்களை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் நான்கு கால்கள் கொண்ட ஒரு பெரிய மண்சாடிக்குள் உட்கார்ந்த நிலையில் புதைக்கப்பட்டிருந்த மனிதனின் பாதங்கள் மட்டும் வெட்டப்படாமல் இருந்தன. அவன் ஊர்த்தலைவனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இவ்வளவும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாததை ஆய்வுக்கூடம் சொல்லிற்று. கருகிய தானியங்களை ஆராய்ந்ததில் வாற்கோதுமை முக்கியப் பயிராக இருந்தது தெரிந்தது. ஆற்று நீரைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டியிருந்ததும் தெரிந்தது. கி.மு. 1000-க்குப் பிறகு ஊரின் நிலை மாறியது. நீண்ட சதுர வீடுகள் போய்ச் சின்னஞ்சிறு வட்டக் குடிசைகள் வந்தன. விவசாயம் குறைந்து, ஆடுமாடு மேய்ப்பதும் வேட்டையும் கூடின. மழை குறைந்து வறட்சி வந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இங்கே கிடைத்த குழந்தைகளின் பற்களையும் ஆராய்ந்தார்கள். சிறு வயதில் நோயோ பசியோ வாட்டினால் அது பல்லின் மேற்பூச்சில் வடுவாக நின்றுவிடும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பிள்ளை பட்ட துன்பத்தை ஒரு பாற்பல் இன்று நமக்குச் சொல்கிறது.

மகாராஷ்டிரத்தின் வறண்ட தாலுகாக்களில் இன்றும் மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிறார்கள். பழைய கிராமம் ஒன்று வறட்சியை எப்படிச் சமாளித்தது, எப்போது தோற்றது என்பது அவர்களுக்கு வெறும் பழங்கதை அல்ல.

ஒரு முறைதான் வெட்டலாம்

இந்தப் படிப்பில் மாணவன் முதலில் கற்பது பொறுமை. அகழாய்வுக் குழி சதுரமாக, அளவு பிசகாமல் வெட்டப்படும். குழிக்கும் குழிக்கும் நடுவே மண்சுவர் விடப்படும். அந்தச் சுவரின் பக்கவாட்டில்தான் மண்ணடுக்குகள் தெரியும். மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது என்பது பொது விதி. ஆனால் பின்னாளில் யாரோ குப்பைக்குழி வெட்டியிருந்தால் விதி தலைகீழாகிவிடும். எலி வளை கூட மேல்மண்ணைக் கீழே கொண்டுபோய்விடும். அதையெல்லாம் நிறத்தாலும், தொட்டுப் பார்க்கும்போது தெரியும் இறுக்கத்தாலும் பிரித்தறிய வேண்டும்.

நம்மவர்களுக்குத் தெரிந்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் மாணவர்களுக்குக் கற்றுத்தந்தது இந்த அடுக்கு முறையைத்தான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அந்த இடத்தில் ரோம நாட்டுப் பானை ஓடுகள் எந்த அடுக்கில் கிடைத்தன என்று குறித்ததால்தான், அதே அடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது.

பொருள் கிடைத்தவுடன் எடுத்துவிடக் கூடாது. எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று எழுதி, படம் வரைந்து, புகைப்படம் எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். தோண்டிய மண்ணையும் கொட்டிவிடுவதில்லை. சல்லடையில் சலிப்பார்கள். ஒரு பகுதியைத் தண்ணீரில் கலக்குவார்கள். கருகிய தானியம் லேசானது. மேலே மிதந்து வரும். அதை மெல்லிய துணியில் வடித்தெடுத்து நிழலில் உலர்த்துவார்கள். தாழியில் என்ன வைத்தார்கள், அடுப்பில் என்ன சமைத்தார்கள் என்பதற்கெல்லாம் சாட்சி அந்த வடிகட்டிய துணியில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடியைத் தவறாகப் படித்தால் மறுமுறை திருத்திப் படிக்கலாம். மண்ணடுக்கை வெட்டிவிட்டால் அது போனது போனதுதான். பிறகு எஞ்சுவது குறிப்பேடு மட்டுமே. ஆதிச்சநல்லூரை நினைத்துப் பாருங்கள். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. பொருள்கள் இருக்கின்றன; ஆனால் எந்தப் பொருள் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற விவரம் இன்றைய முறைப்படி நமக்குக் கிடைக்கவில்லை. கருகிய தானியத்தையும் சிறு எலும்பையும் சேர்த்து வைக்கும் வழக்கம் அன்று இல்லை. தாராவியில் குடியேறிய நெல்லைச் சீமைக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாமிரபரணிக் கரைதான் பூர்வீகம். அவர்களுடைய முன்னோரின் கதையில் சில பக்கங்கள் இப்படித் திரும்பி வராமல் போய்விட்டன.

எதனுடைய காலம்?

“எத்தனை ஆண்டு பழையது?” என்பதுதான் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. தொல்லியல் மாணவன் அதைச் சற்று மாற்றிக் கேட்கப் பழகுகிறான்: “எதனுடைய காலம்?”

உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமம் சிறிதளவு இருக்கிறது. உயிர் போனபின் அது குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். எஞ்சியதை அளந்தால் காலம் தெரியும். வில்லர்ட் லிபி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1949-இல் இதை வெளியிட்டார்; 1960-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் இந்த ஆய்வுக்கு வழிகாட்டியது மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அங்கே பணியாற்றிய டி.பி. அகர்வால், சிந்துவெளி நாகரிகத்தின் காலம் கி.மு. 2300 முதல் 1750 வரை என்று 1964-இல் எழுதினார். அந்த ஆய்வுக்கூடம் பின்னர் ஆமதாபாத்துக்கு மாறியது. கரிம ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல, மர வளையங்களைக் கொண்டு திருத்த வேண்டும் என்பது பிறகு தெளிவாயிற்று. திருத்திக் கணக்கிட்டதில் சிந்துவெளியின் முதிர்ந்த காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை என்று இன்று கொள்ளப்படுகிறது. அளவை மாறவில்லை, அதைப் படிக்கும் முறை மாறியது.

நம் சிவகளையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதே சிவகளையில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை கூறியது. இரண்டும் ஆய்வுக்கூடம் தந்த எண்களே. நெல் ஒரு பருவப் பயிர். அதன் காலம் அறுவடைக் காலத்தையே காட்டும். கரி அப்படியல்ல. முதிர்ந்த மரத்தின் வயிரம் வெட்டப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வளர்ச்சி நின்றதாக இருக்கலாம். ஆகவே கரியின் காலம் தாழி புதைத்த காலம்தானா, பக்கத்தில் கிடந்த இரும்பின் காலம்தானா என்று தனித்தனியே சோதிக்க வேண்டும். இதனால் சிவகளைக் கணிப்பு தவறு என்று ஆகிவிடாது. ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள், விவாதிக்கத்தான் வேண்டும். உணர்ச்சிவசப்பட்டுக் கொண்டாடுபவரும் ஏளனமாக மறுப்பவரும் தீர்க்க முடியாத கேள்வி இது. பயிற்சி பெற்றவர்கள் இன்னும் பல தாழிகளைத் திறந்துதான் தீர்க்க முடியும்.

ஹரியானாவில் ராக்கிகடியை அகழ்ந்தவர்கள் டெக்கான் கல்லூரியினர். அங்கே கிடைத்த எலும்புகள் மரபணு ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. வெப்பத்தில் மரபணு சிதைந்துவிடுவதால் 61 மாதிரிகளைச் சோதித்தும், ஒரே ஒரு பெண்ணின் எலும்பில்தான் போதுமான மரபணு கிடைத்தது. 2019-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுதும் பேசப்பட்டது. அந்த ஒன்றுக்குப் பின்னால் அறுபது ஏமாற்றங்கள் இருந்தன. இதைத் தாங்கும் மனம் உள்ளவர்களே இந்தப் படிப்புக்கு ஏற்றவர்கள்.

யார் சேரலாம்?

டெக்கான் கல்லூரியில் பண்டைய இந்திய வரலாறு, பண்பாடு, தொல்லியல் என்ற எம்.ஏ. படிப்பு இரண்டு ஆண்டு. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்பதே இதன் சிறப்பு. வரலாறு படித்தவருக்கு அறிவியல் புதிது. அறிவியல் படித்தவருக்கு வரலாறு புதிது. இரண்டு பேரும் சமமாக உழைக்க வேண்டும். வேதியியல், தாவரவியல், விலங்கியல், புவியியல் படித்த பிள்ளைகளுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. கட்டணம், விடுதி, விண்ணப்ப நாள் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. கல்லூரியிடமே நேரில் கேட்டறிவது நல்லது.

பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும் பெயர்பெற்ற தொல்லியல் துறை இருக்கிறது. தாயகம் திரும்பிப் படிக்க விரும்புவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எம்.ஏ. முடித்தவர்களுக்கு இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. 2020 அக்டோபரில் அதற்கு வந்த அறிவிப்பில், தகுதிக்குரிய செம்மொழிகளாகச் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் ஆகியவை இருந்தன, தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் தமிழையும் பிற செம்மொழிகளையும் சேர்த்துத் திருத்திய அறிவிப்பு வெளிவந்தது. போராடிப் பெற்ற அந்த வாசலை இப்போது நாம்தான் பயன்படுத்த வேண்டும்.

வேலை கிடைக்குமா?

பெற்றோர்களின் நியாயமான கேள்வி இது. மறைத்துச் சொல்லிப் பயனில்லை. கணினிப் படிப்பைப் போலக் கல்லூரி வாசலிலேயே வேலை காத்திருக்காது. மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளில் பணியிடங்கள் உண்டு. அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள், பழஞ்சின்னப் பாதுகாப்பு ஆகிய துறைகளிலும் வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் தொல்லியல் ஒரு தனிப் பாடம். அதில் நல்ல இடம் பெற்றால் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கும். குடும்பத்தில் உடனடியாகச் சம்பாதித்தே ஆக வேண்டிய பிள்ளைக்கு இது கடினமான வழி. சில ஆண்டுகள் பொறுக்க முடிந்தவருக்கு நிறைவான வழி.

வழி காட்டியவர்களும் இருக்கிறார்கள். டெக்கான் கல்லூரியில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்ற சாந்தி பப்பு, சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் அது. அங்கே கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-இல் அவர் குழு எழுதியது. கார்பன்-14 அவ்வளவு தூரம் எட்டாது என்பதால், மண்ணுக்குள் புதைந்த கல்லின் காலத்தைக் காட்டும் வேறு முறைகள் பயன்பட்டன. புனேயில் கற்ற படிப்பு தமிழ் மண்ணுக்குத் திரும்பி வந்து பேசியது.

பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். அந்த மண்ணின் பழமையைப் பற்றி யார் பேசினாலும் நமக்கு உள்ளம் நிறைகிறது. ஆனால் பெருமை பேசுவதால் ஒரு தாழிகூடத் தன் கதையைச் சொல்லிவிடாது. இங்கே மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பழகிய நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழும் இருக்கிறது. பக்கத்திலேயே கல்லூரியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஆற்றங்கரைக் கல்லைப் பொறுக்கி வந்து சேர்த்து வைக்கும் பிள்ளை இருந்தால், அதைத் தூக்கி எறியச் சொல்லும் முன் ஒருநாள் எரவாடாவுக்கு அழைத்துப் போய் அந்தக் கல்லூரியைக் காட்டிவிட்டு வாருங்கள்.